தோமசின் முதல் மனைவி

இல்ஃபோர்ட், லண்டன்
12.9.1990

என் அன்பான கௌரிக்கு,

நீரும் மகள் தர்ஷிகாவும் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜுக்கு வந்துவிட்டீர்கள் என்ற செய்தி என் வயிற்றில் பால் வார்த்தது. உங்களை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

என் வீட்டுக்கார மூதாட்டி பியற்றிஸுக்குக் கால் நிலத்தில் இல்லை. முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் குடியேறப் போன ஆங்கிலேயர்களில் அவருடைய மூதாதை தோமசும் ஒருவராம். பீப்பாய் செய்கிறவர். மனைவி மார்கரெட்டையும் கைக்குழந்தையையும் லண்டனில் விட்டுக் கப்பலேறியிருக்கிறார். அங்கே வீடு, காணி, ஒன்பது பிள்ளைகள்! அந்தச் சந்ததியில் வந்த அமெரிக்கர்கள் போன கிழமை வந்து படம் பிடித்துப் போனார்கள். எனக்கும் ஒரு துண்டுக் கேக் கிடைத்தது. நம் பேரப்பிள்ளைகளுக்கு நான்தான் தோமஸ், பாரும்!

உமது,
பாஸ்கரன்

வெள்ளவத்தை
3.10.1990

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் போகும்போது தவழ்ந்த பிள்ளை, "அப்பாவுக்கு என்ரை முகம் தெரியுமோ?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல? அடிக்கடி எழுதினால் குறைந்தா போவீர்கள்?

தோமசின் கதை வாசித்தேன். மார்கரெட் அங்கே போய்ச் சேர்ந்தாளா? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். கேக் தின்ற வாயால் அதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கௌரி

இல்ஃபோர்ட்
20.1.1991

என் கௌரிக்கு,

எப்படி எழுதுவேன்? விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். "கலியாணம் கட்டேல்லை எண்டு சொல்லும், கெதியா உள்ளே விடுவாங்கள்" என்று ஏஜென்ட் சொன்னதை நாம் இருவரும்தான் நம்பினோம். நானும் வந்திறங்கியதும் அப்படியே சொன்னேன். இப்போது "இல்லாத மனைவியை எப்படிக் கூப்பிடுவாய்?" என்கிறார்கள். காட்டுவதற்குக் கலியாண எழுத்தும் இல்லை. கோயிலில் தாலி கட்டினோம், ஊர் பார்த்தது, அது போதும் என்று பதியாமல் இருந்துவிட்டோமே.

மார்கரெட் போகவில்லை. மனைவியை ஊரில் விட்டு வந்தவர்களை அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அதற்குப் பயந்து, மனைவி செத்துவிட்டாள் என்று சொல்லித் தோமஸ் தங்கிவிட்டார். பிறகு வேறு கலியாணம். இவள் இங்கே ஊரார் துணி துவைத்துப் பிள்ளையை வளர்த்து, சாகும்வரை அவர் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பியற்றிஸ் அந்தப் பிள்ளையின் வழி. ஆனால் அவர் சுவரில் மாட்டியிருப்பது தோமசின் பெயரைத்தான்.

நான் தோமஸ் இல்லை, கௌரி. என்னை நம்பும். கொஞ்சம் பொறும்.

பாஸ்கரன்

வெள்ளவத்தை
6.8.1991

அத்தானுக்கு,

பொறுத்தேன். லொட்ஜில் பொலிஸ் வந்து கதவு தட்டும்போதெல்லாம் பிள்ளை கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறாள். பள்ளிக்கூடமும் இல்லை.

கனடாவிலிருந்து என் அண்ணை கனகலிங்கம் ரெலிபோன் எடுத்தார். "புருசன் இருக்கிறவளை நான் கூப்பிட ஏலாது. விதவைத் தங்கச்சி எண்டால் ஏலும்" என்றார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு சமாதான நீதவான் தில்லையம்பலத்திடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தேன். அதில் நீங்கள் ஷெல்லடியில் இறந்துவிட்டீர்கள். தாலியை நானே கழற்றினேன்.

யார் கேட்டாலும் "அப்பா செத்துப்போனார்" என்று சொல்லத் தர்ஷிகாவைப் பழக்கினேன். முதலில் மாட்டேன் என்று அழுதாள். விசா நேர்முகத்தில் அதிகாரி கேட்டபோது அழாமல் சொன்னாள். நான்தான் விம்மி விம்மி அழுதேன். அதைப் பார்த்து அவர் நம்பிவிட்டார். விசா கிடைத்துவிட்டது.

உங்களில் கோபமில்லை. மார்கரெட்டைப் போலக் காத்திருக்க என்னால் ஏலாது, அவ்வளவுதான். அங்கே நீங்கள் கலியாணமாகாதவர்தானே. நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

வருகிற கிழமை பயணம். கனடாவுக்கு எழுதாதேயுங்கள். செத்தவரிடமிருந்து கடிதம் வந்தால் பிள்ளை பயந்துபோவாள். அவள் இப்போது அதை நம்பத் தொடங்கிவிட்டாள்.

கௌரி