கீழே இறங்கிய வெள்ளி

வெள்ளிக்கிழமை, மகள் தூங்கிய பின்

கட்டாரில் வேலை செய்யும் இவருக்காக, வாராவாரம் எங்கள் மகளின் கதையை இணையப் பக்கமொன்றில் எழுதிப் போடுகிறேன். வீடு அடங்கி எழுத நேரம் கிடைப்பது வெள்ளிப் பகல் ஜும்ஆத் தொழுகை முடிந்துதான். அதனால் எல்லாத் தலைப்பும் ‘ஜும்ஆவுக்குப் பிறகு’. நான் வெறும் எழுத்தாகத் தட்டுவதை என் புரோகிராம் பக்கமாக மாற்றி, ஒவ்வொரு தலைப்புக்கும் தானாகவே ஒரு லிங்க் வைக்கும். ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வந்தால், மேலிருந்து ஒன்று, இரண்டு என்று அந்த லிங்க்கின் பெயரோடு எண் போடும்.

இன்று புதியதை வழக்கம்போலக் கீழே போடாமல் மேலே போட்டேன். இவர் தேடித் திரியக் கூடாதே என்றுதான்.

பின்னேரம் கோல் எடுத்தார். குரலே சரியில்லை.

“புள்ள, மகள் போனுக்குச் சோறு தீத்தின கதைய அழிச்சிட்டியா? நான் சேவ் பண்ணின லிங்க்ல வேற கதை வருகுது.”

“இல்லங்க, இரிக்கி. எண் மாறி ஒண்டு கீழ இறங்கிட்டு.”

“வேலைக்குப் போக முந்தி ஒவ்வொரு நாளும் நான் அதத்தான் வாசிக்கிற.”

எனக்கு அது தெரியாது. ஒரு நாள் வீடியோ கோலில் இவர் வாய் தெரிந்த இடத்தில் மகள் மீன் ஆணமும் சோறும் அப்பிவிட்டாள். திரையைத் துடைத்த சலிப்பில் நாலு வரி எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.

அந்தத் தலைப்பின் லிங்க்குக்கு மட்டும் என் கையால் ‘வாப்பாக்குச் சோறு’ என்று பெயர் வைத்து அனுப்பினேன்.

“இனி மேல எத்தின வெள்ளி வந்தாலும் இது அசையாது” என்றேன்.

அவர் லிங்க்கைத் தட்டிப் பார்த்து, “ஓம், வருகுது” என்றார். ஊருக்கு வர இன்னும் எத்தனை வெள்ளி என்று நான் கேட்கவில்லை.