இணைச்சீர்க்காரி

ஆவணி 9, ஞாயிறு

கோவை விமான நிலையம். தூறல். பூமியதிர மேளம். அக்காள் மகள் பூரணி வெளிநாட்டு மாற்றுத்திறனாளர் போட்டியில் உட்கார்ந்தபடி குண்டு எறிந்து வெண்கலம் வாங்கிவிட்டாள். அவளை எறிபீடத்தோடு பட்டை போட்டு இறுக்கிய கரங்கள் அடியேனுடையவை. ஆகவே வெண்கலத்தில் பாதி எனது. (பாதி நியாயமில்லை. முக்கால்.)

வாசலில் மச்சான், அவளைப் பெற்றவர். பிளெக்ஸில் அவர் முகம் யானை அளவு, மகள் முகம் யானையின் கண் அளவு. "எம் பொண்ணுங்க! எம் பொண்ணுங்க!" நான் அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போன காலமெல்லாம் "ஏனுங்க மாப்பிள்ளை, உங்களுக்கு வேற பொழப்பில்லீங்களா?" என்று கேட்ட அதே வாய்.

பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள், அவளை உற்சவர் மாதிரித் தூக்கித் திறந்த ஜீப்பில் வைத்து ஊர்வலம் போய்விட்டார்கள். சக்கர நாற்காலி மட்டும் நடைபாதையில், ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு. மடையர்கள். நாற்காலியை டாக்சியில் ஏற்றிப் பொள்ளாச்சி ரோட்டில் துரத்தல். வீட்டில் அவள் சோபாவில், நகர முடியாமல்.

"மாமா, சீக்கிரம் அதத் தள்ளுங்க. பாத்ரூம் போகோணும். இவங்க யாருகிட்டயும் கேக்கப் புடிக்கலீங்க."

ஆவணி 10, திங்கள்

வெயில். காலில் வீக்கம், விமானத்தின் உபயம். வாங்க வேண்டியவை: தைலம், பிளேடு, மச்சானுக்கு மூளை (ஜில்லாவில் எங்கும் ஸ்டாக் இல்லை).

பூரணியின் அண்ணன் கார்த்திக்கு வியாழன் கல்யாணம். இணைச்சீர் பற்றிப் பேச்சு. கூடப் பிறந்தவள் புதுச்சேலை கட்டி, பேழைக்கூடையோடு மாப்பிள்ளையை மூன்று சுற்று சுற்றி அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் தாலி. கார்த்தியின் சித்தப்பா மகள் ரம்யாவுக்குச் சேலை எடுத்தாகிவிட்டதாம்! நாங்கள் ஊரில் இல்லாதபோதே!

"கூடைய இடுப்புல வெச்சுட்டுச் சுத்தோணுமுங்க மாப்பிள்ளை. சாங்கியம்னு ஒண்ணு இருக்குதல்லோ?"

"சாங்கியத்துக்குக் காலு வேணுமுன்னு எவனுங்க சொன்னான்?"

"பூரணிக்கு மேடையில தனியா பாராட்டு வெச்சிருக்கறமுங்க. பத்திரிகைக்காரங்கெல்லாம் வாராங்க. மெடலப் போட்டுட்டு வரட்டும்."

மெடல் வேண்டும், மகள் வேண்டாம். சாபம் விட்டேன்: அவர் தென்னைக்கெல்லாம், மரத்துக்கு ஒரு குரங்குக் குடும்பம்.

ஆவணி 11, செவ்வாய்

மேகமூட்டம். கார்த்தியையே கேட்டுவிட்டேன். போனைத் தடவிக்கொண்டே, "பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னால... எதுக்குங்க மாமா. நாந்தான் அப்பாகிட்டச் சொன்னேன்."

ஆக, அப்பன் வெறும் ஒலிபெருக்கி. குரல் இவனுடையது. தேர்த்திருவிழாவில் இவனைச் சுமந்த தோளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பூரணியிடம் மறைக்க முடியவில்லை. அழுவாள் என்று துண்டை எடுத்தேன். எனக்குத்தான் தேவைப்பட்டது.

"அண்ணனே சொல்லுச்சுங்களா?"

"ஆமா கண்ணு."

நாற்காலிச் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினாள். பிறகு: "மண்டபத்து மேடைக்குப் படிதான இருக்கும்? பலகை ஒண்ணு வேணுமுங்க மாமா. நல்லா நீளமா."

ஆவணி 13, வியாழன்

மண்டபம். புழுக்கம். காபி, கழுவிய தண்ணீர். சமையல்கட்டிலிருந்து பலகையைத் தூக்கி வந்து படிமேல் போட்டேன். இமயத்துக்குப் பாதை போட்டவன்கூட இவ்வளவு வியர்த்திருக்க மாட்டான். மச்சான் முகம், கொதிக்கிற ரசம்.

சீர் நடத்தும் அருமைக்காரர், "இணைச்சீர்க்காரி வாங்க" என்றார். ரம்யா எழுவதற்குள் பூரணி பலகையில் ஏறிவிட்டாள். தன் கையால் தள்ளிக்கொண்டு.

"நீ ஆரு அம்மணி?"

"மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவளுங்க."

"அப்பறமென்ன? சுத்து."

ரம்யா கூடையை அவள் மடியில் வைத்தாள். "புடிங்கக்கா. எனக்கு நேத்திருந்தே வவுறு கலக்குது."

மச்சான் வாயைத் திறந்தார். அவரே வரவழைத்த கேமராக்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. வாய் சிரித்தது. வேறு வழி?

மூன்று சுற்று. மேடை கிறீச்சிட்டது. முடிந்ததும் கார்த்தி எழுந்து, அவளைத் தூக்கி மணையில் உட்காரவைக்கக் கை நீட்டினான்.

"தூக்காதண்ணா. நீ உக்காரு. நான் இதுலயே இருக்கறேன்."

உட்கார்ந்தான். அவள் நாற்காலியில், அவன் தரையோடு தரையாய் மணையில். அவள் முகத்தைப் பார்க்க அவன் அண்ணாந்தான். அவள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.