தண்டுவடமும் என் கையெழுத்தும்

2005 ஜூன் 14, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ரயிலில் நின்றபடியே. வெள்ளைக் கோட்டில் போன வாரக் கறை அப்படியே.

இறைச்சி ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிற உத்தியோகம். பார்க்கலாம், பார்த்ததைச் சொன்னால்தான் யாருக்கும் பிடிக்காது.

ரம்பத்தில் மணி. தலைகீழாகத் தொங்குகிற எருமையின் முதுகெலும்பை ஒரே இழுப்பில் இரண்டாகப் பிளக்கிறார். உள்ளே இருக்கிற தண்டுவடமும் சேர்ந்து அறுபட்டு, கூழாகக் கறிமேல் தெறிக்கிறது. உடனே பைப்பைப் பிடித்துக் கழுவல்.

"தண்ணி வுட்டா க்ளீனாப்பூடும் சார். பாருங்க, பளபளன்னு கீது."

அந்தப் பளபளப்புதான் வினை. முதுகில் இருந்தது தண்ணீரோடு கழுத்துவரை இறங்குகிறது. மாட்டுக்கு மூளை நோய் இருந்தால் அது குடியிருப்பதே மூளையிலும் தண்டுவடத்திலும்தான். வேகவைத்தாலும் போகாது, தின்றவனுக்கும் வரும். வாங்குகிறவர்களின் முதல் நிபந்தனை: தண்டுவடத்தை உறிஞ்சி எடு, பிறகு பிள.

15, புதன்

உறிஞ்சும் மெஷின் இருக்கிறது! ஸ்டோர் ரூமில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். உறைமேல் ஆயுத பூஜைச் சந்தனம், குங்குமம். வெளிநாட்டு ஆள் வந்தால் காட்டுவதற்கு மட்டுமாம்.

மேனேஜரைக் கேட்கவில்லை. நானே எடுத்து மாட்டினேன். மணி முனகினார், பிறகு பத்தே நிமிடத்தில் பழகிவிட்டார். முதலில் குழாய், பிறகு ரம்பம். தெறிப்பே இல்லை.

"இத்த மொதல்லயே குட்த்திருக்கலாம்ல சார்?"

சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூச்சம்.

17, வெள்ளி

பல்லாவரம் வெள்ளிச் சந்தைக் கூட்டத்தில் மாட்டி லேட். உள்ளே மேனேஜர் கத்தல்.

"என்ன மணி, ரெண்டு நாளா லைன் ஸ்லோ? யார் உன்னை இந்த மெஷினைத் தொடச் சொன்னது?"

மணி என்னைப் பார்த்தார். நான் டெம்பரேச்சர் நோட்டைப் பார்த்தேன்.

மதியமே அவரைத் தோல் உப்புப் போடும் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ரம்பத்தில் புது ஆள். மறுபடி பைப், தண்ணீர்.

சீ, என்ன பிழைப்பு இது.

18, சனி

வீட்டுக்கு வாங்கிவர மனைவி உஷா சொன்னவை: புளி, குக்கர் கேஸ்கட், சின்னவளுக்குக் கலர் பென்சில்.

சரக்குக்கான சான்று வந்தது. "பிளப்பதற்கு முன் தண்டுவடம் நீக்கப்பட்டது." கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வாசலில் மணி. கையெல்லாம் உப்பு, விரலிடுக்கில் வெடிப்பு. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க சொல்லித்தான் செஞ்சேன்னு நான் சொல்லல சார். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

ரயிலுக்கு நேரமாயிற்று என்றேன்.