மகள் வாசித்த சிலுவைப்பாதை

மகளின் அப்பாவுக்கு,

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், கை பரபரக்கிறது. இன்று பள்ளியில் உங்கள் மகள் மைக் முன்னால் நின்று வாசித்தாள். கடைசி வரி வரைக்கும்!

ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பள்ளி மைதானத்தில் குடும்பங்கள் சேர்ந்து, இயேசு சிலுவை சுமந்துபோன பதினான்கு நிலைகளையும் நினைத்து ஜெபித்தபடி சிலுவைப்பாதை செய்கிறோம். ஒவ்வொரு நிலையையும் ஒரு பிள்ளை வாசிக்க வேண்டும். "யார் வாசிக்கிறீங்க?" என்று சிஸ்டர் கேட்டதும் இவள்தான் முதலில் கை தூக்கினாளாம். எனக்கு நம்பிக்கை இல்லை. நாம் சண்டை போட்டு நீங்கள் வீட்டை விட்டுப் போன பிறகு அவளுக்குத் திக்கல் அதிகமாகிவிட்டது. வீட்டிலேயே பேசுவதில்லை.

இயேசு முதல் முறை கீழே விழும் இடம் அவளுக்கு. 'விழுந்தார்' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு அவளே சொன்னாள். அப்புறம் கடகடவென்று முடித்தாள். நான் அழுதுவிட்டேன்.

வரும் வழியில், "அடுத்த வாரமும் நான்தாம்மா. அப்பாவைக் கூப்பிடு" என்றாள்.

"நீயே கூப்பிடேன்."

"நீ கூப்பிட்டாத்தான் வருவாரு."

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வந்துவிடுங்கள். அப்படியே வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். தவக்காலத்துக்கென்று ஆளாளுக்கு இனிப்பை விடுகிறார்கள், டீயை விடுகிறார்கள். நான் வீம்பை விட்டுவிட்டேன்.

உங்கள் மனைவி