வாயாடியின் கடைசிச் சீவல்

மார்ச் 3

அறுபத்தாறு ஆண்டுகளாக அண்டசராசரத்தையும் ஆட்டிவைத்த என் நாக்கின் ஓரத்தில் புற்று. உறுதியாகிவிட்டது. மிளகளவு துணுக்குதான் வெட்டினார்கள். நான் போட்ட அலறலில் ஆஸ்பத்திரிக் கூரை அரை அடி எழும்பி உட்கார்ந்தது.

துணுக்கைப் பார்த்துச் சொன்னது என் பழைய ஆய்வகம். முப்பத்து நான்கு வருடம் ஊரார் சதையை மெழுகில் புதைத்துச் சீவிய இடம். இப்போது அங்கே என் அக்கா மகள்தான் டாக்டர்.

மார்ச் 4

எனக்கே பாடம் எடுக்கிறாள்!

"செல்களைக் கைகோத்து நிக்க வைக்கிற புரதத்துக்குச் சாயம் போடறேன் மாமா. பழுப்பா வந்தா ஓரத்தை மட்டும் எடுப்பாங்க. வெளிறிப்போனா, கட்டி உள்ளே கிளம்பிடுச்சுன்னு அர்த்தம்."

"அப்போ?"

"பாதி நாக்கு. கழுத்தையும் திறக்கணும்."

பாதியா? எனக்கு முழுசே பத்தாதே!

மார்ச் 6

வெளிறியே வந்திருக்கிறது.

மாலை

மனசு கேட்கவில்லை. போனில் கூப்பிட்டேன். "பக்கத்துல வாயாடி வெச்சியா?"

"வைக்கல மாமா."

வாயாடி என்பது என் டான்சில். இருபத்தெட்டு வயதில் எடுத்ததும் ஆய்வகத்துக்குத் தாரை வார்த்த மகாதானம். எப்போது சாயம் போட்டாலும் அதில் ஒரு சீவலைப் பக்கத்தில் சாட்சியாக வைப்போம். அது பழுப்பானால்தான் சாயம் வேலை செய்கிறது என்று பொருள். அது புதைந்த மெழுகுக் கட்டையில் அந்தப் பெயரை எழுதியவள் எதிர் மேசைக்காரி. அன்று ஜென்ம விரோதி. மறு வருடம் மனைவி. மெழுகைக் கரைக்கும் சைலீன் நெடியோடு வீட்டுக்கு வருவாள். உலகத்து அத்தர் அத்தனையும் அதன்முன் தூசு. அவள் போய் நான்கு வருடம். அந்த நெடியும் போயிற்று.

"ஒரே ஒரு சீவல்தான் மாமா மிச்சம். தீந்துட்டா கட்டையைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அத்தை கையெழுத்து... மனசு வரல."

சாட்சி இல்லாமலே எனக்குத் தீர்ப்பா? அடிப்பாவி, திட்டக்கூட முடியலையே.

"சீவிடும்மா. உங்க அத்தை இருந்தா என்னைத்தான் திட்டுவா."

மார்ச் 7

டீயை வலப்பக்கமாகவே குடிக்கிறேன். இடப்பக்கத்துக்கு ஒரு மரியாதை.

மார்ச் 8

புதுச் சாய மருந்து, பக்கத்தில் வாயாடி. இரண்டுமே பழுப்பாம்! என் துணுக்கில் ஒரு மூலையில் மட்டும் லேசான வெளுப்பு.

"பழைய மருந்துதான் கெட்டுப்போயிருக்கு மாமா," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். நானா? எனக்குக் கண்ணில் தூசி.

ஏப்ரல் 2

ஆபரேஷனில் விரல் நகத்தளவு ஓரம் போனது. அரைக் கிலோ என்று எல்லோருக்கும் எழுதிக் காட்டிவருகிறேன். இன்னும் ஒரு வாரம் பேசக்கூடாது. தெருவே நிம்மதியாகத் தூங்குகிறது.

அக்கா மகள் இரண்டு கட்டைகளோடு வந்தாள். ஒன்று மெழுகு தீர்ந்த பழசு, எனக்கே எனக்கு. மற்றதில், வெட்டிய ஓரத்தின் நல்ல பகுதி.

"இனிமே இதுதான் சாட்சி. பேர் நீங்களே எழுதுங்க மாமா."

பழையதை முன்னால் வைத்துக்கொண்டு, என் மனைவி போட்ட அதே கோணல் 'டி'யோடு எழுதிக் கொடுத்தேன்.