ஏழாம் குடிலில் எட்டு இடம்

ஐப்பசி 11. காலை 6.20. ஏழாம் குடில்.

காற்று மேற்கே இருந்து. பனி லேசாக விழுகிறது. மேலே சிகரம் தெரியவில்லை. குடில் விடிந்ததும் எழுந்து, ஆறு காலையும் ஒவ்வொன்றாக உதறி, ஒரு முழம் மேலே நடந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

இதைக் கண்டெடுக்கிறவர் எந்த ஊர்க்காரரோ, அதனால் சொல்லிவிடுகிறேன். பனியாறு என்றால் நிற்கிற பனி இல்லை. நாளுக்கு ஒரு முழம் இறங்கும். மேலே இருக்கிறதை எல்லாம் கூட்டிக்கொண்டு போகும். அதனால் இங்கே வீட்டுக்குக் கால் வைத்திருக்கிறார்கள். மலையேறுகிறவர்கள் ஒரு குடிலில் தங்கி அடுத்த குடிலுக்கு ஏறுவார்கள். மொத்தம் ஏழு. என்னுடையது கடைசி.

என் பேர் சாத்தையா. சிவகங்கைப் பக்கம் ஆடு மேய்த்தவன். இமயத்துக்கும் எனக்கும் என்ன என்று கேட்பீர்கள். காவலுக்கு ஆள் எடுத்தபோது ஒவ்வொருவரையும் ஓர் அறையில் ஒரு மாசம் தனியாகப் பூட்டி வைத்தார்கள். படித்த பிள்ளைகள் பத்து நாளில் கதவைத் தட்டினார்கள். நானும் என் தங்கச்சி புருஷன் உடையப்பனும் மாசம் முடிந்து கதவு திறந்தபோது, இன்னொரு மாசம் கிடைக்குமா என்று கேட்டோம். அப்படித்தான் வேலை கிடைத்தது. அவன் எனக்குக் கீழே ஆறாம் குடிலில் இருக்கிறான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது காவலன் பெட்டி. சொல்வதை அச்சுத் தமிழில் எழுதிக்கொள்ளும். குடிலோடு இதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது; இதில் சொல்வது அதற்குக் கேட்காது.

உள்ளே இருப்பு: எட்டுப் பேர். என்னைச் சேர்த்து. எல்லோருக்கும் குடில் கொடுத்த சட்டை. சூடு, மூச்சுக் காற்று, மருந்து மூன்றும் சட்டை வழியாகத்தான். முகத்தில் மூடி இருப்பதால் பேச்சும் சட்டைக் கழுத்து ஒயர் வழியாகத்தான். எட்டுச் சட்டை, எட்டு இடம். ஏழு பேர் தேறுவார்கள். சபேசன் என்கிற பெரியவர், பாலம் கட்டி ஓய்வு பெற்ற இன்ஜினியர், அவருக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. கொரகொரவென்று மூச்சு விடுகிறார்.

ஐப்பசி 11. காலை 7.45.

ஆறாம் குடில் போய்விட்டது. உடையப்பன் கை ரேடியோவில் வந்தான்.

"மச்சான், என் குடிலுக்குக் காலு போச்சு."

"எந்தக் காலு மாப்ள?"

"மொதல்ல மூணு. பின்னாலயே மிச்ச மூணும். வெடிப்புக்குள்ள அப்படியே உக்காந்துருச்சு. நான் வெளிய நின்னு ஒண்ணுக்குப் போயிக்கிட்டு இருந்தேன், தப்பிச்சேன். இனிமே எவனாச்சும் என்னய வெளிய போவாதன்னு சொல்லட்டும், பாத்துக்கிறேன்."

"குடில்ல ஆளு?"

"நேத்தே எல்லாரும் எறங்கியாச்சு. நான் மட்டுந்தேன். ஒங்ககிட்ட வாரேன். அந்தச் செனையாடு இன்னும் நடக்குதுல்ல?"

"ஒன் கள்ளுக் குடிச்ச கெடாய்க்கு எஞ்செனையாடு எவ்வளவோ மேலுய்யா. வா."

செனையாடு என் குடில், கெடாய் அவன் குடில். இதெல்லாம் பொது லைனில் பேசியது. குடில் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் குரல் நல்ல குரல், கோயிலில் மைக்கில் பேசுகிற பெண்ணின் குரல் மாதிரி.

"ஏழாம் குடிலில் இடம் இல்லை. ஆறாம் குடில் காவலர் ஐந்தாம் குடிலுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

"அஞ்சாவதுக்குப் போற பனிப்பாலந்தான் என் குடிலோட விழுந்துருச்சே தாயி."

"தகவலுக்கு நன்றி. ஏழாம் குடிலில் இடம் இல்லை."

அடிவாரத்தில் சமையல் பார்க்கிற என் தங்கச்சி ராக்கு குறுக்கே வந்தாள்.

"அண்ணே, அந்தப் பொம்பள பேசுறத வுடு. அந்த மனுசன் ஒன்னய நம்பித்தேன் மேல வர்றாரு. உள்ள எடுத்துப் போட்டுரு. இல்ல, எனக்குப் பொறந்த வீடே இல்லன்னு நெனச்சுக்கிறேன்."

"சரிடா ஆத்தா" என்றேன். எப்படி என்று தெரியாமல்தான் சொன்னேன்.

ஐப்பசி 11. மதியம் 1.10.

கண் தெரியாத பனிக்காற்று. உடையப்பன் வந்துவிட்டான். கதவுக்கு வெளியே நிற்கிறான். அவன் சட்டை ஆறாம் குடிலின் சட்டை. அந்தக் குடில் செத்ததும் அதுவும் குளிர ஆரம்பித்துவிட்டது. இந்தக் கதவுக்கு அது வேற்றுச் சட்டை. குடிலுக்கு முகம் தெரியாது, சட்டையை வைத்துத்தான் ஆளை அறியும்.

கதவுக்கு நடுவே ஒரு கூண்டு. உள்ளே வருகிற ஒவ்வொரு உடம்புக்கும் இந்தக் குடிலின் சட்டை ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்கதவு திறக்காது. என் சட்டையைக் கொடுத்தால் காவலன் இல்லாத குடில் என்று மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் எட்டுப் பேரும் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

"மச்சான், காலு எனக்கு இருக்கா இல்லயான்னு தெரியல. குனிஞ்சு பாத்தா இருக்கு."

"பேசிக்கிட்டே இரு."

"என்னத்தப் பேச. ஒங்க தங்கச்சி வெக்கிற கருவாட்டுக் கொழம்பு நாறும்னு பத்து வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். சும்மா சொன்னது. அதயும் அவகிட்ட சொல்லிப்புடாதீக. தலகால் புரியாது."

லைனில் ராக்கு இருந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

எங்கள் ஆட்டுக்கிடையில் ஒரு வழக்கம். குட்டி போட்ட ஆட்டுக்குக் குட்டி செத்துப்போகும். இன்னொரு பக்கம் தாய் செத்த குட்டி பாலுக்குக் கத்தும். ஆடு வேற்றுக் குட்டியை முட்டித் தள்ளும், பால் கொடுக்காது. செத்த குட்டியின் தோலை உரித்து, கத்துகிற குட்டி மேல் போர்த்தி விடுவோம். ஆடு மோந்து பார்க்கும். தன் குட்டி என்று நினைத்து மடியைக் கொடுத்துவிடும். சின்ன வயசில் இருந்து எத்தனையோ தோல் உரித்திருக்கிறேன்.

சபேசன் எப்படியும் இன்றைத் தாண்ட மாட்டார். மூச்சைக் கேட்டாலே தெரிகிறது.

ஐப்பசி 11. மதியம் 2.05.

முடிந்தது.

முதலில் கழுத்து ஒயரைக் கழற்றினேன். அவர் சத்தம் போட்டால் குடிலுக்குக் கேட்டுவிடும். அப்புறம் பொத்தான். அவருக்கு நினைவு வந்துவிட்டது. கண்ணை உருட்டி, தலையை ஆட்டி, என் கையைப் பிடித்துச் சட்டையை இழுத்தார். உதடு அசைந்தது. முகமூடிக்குள் என்ன சொன்னாரோ, வெளியே காற்று இரைச்சல். செத்துக்கொண்டிருக்கிறவருக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று இருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன்.

குழுவின் தலைவி மதுவந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஒயரோடு அவள் ஒயரைச் சொருகினாள். அப்படிப் பேசினால் குடிலுக்குக் கேட்காது.

"காவலரே, அவர் இன்னும் உயிரோட இருக்கார்."

"வெளியவும் ஒருத்தன் உயிரோட இருக்கான்மா."

"அதுக்காக?"

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்க."

திரும்பிக்கொண்டாள். மற்ற ஐந்து பேரும் ஏற்கெனவே திரும்பித்தான் படுத்திருந்தார்கள்.

மனசு கேட்கவில்லை. என்னிடம் ஒரு கைச்சிலிண்டர் உண்டு, காவலனின் அவசரத்துக்கு. அதைச் சபேசன் முகத்தில் மாட்டி முழுசாகத் திறந்துவிட்டேன். கம்பளியில் சுருட்டி மூலையில் போட்டேன். சாகும்வரை மூச்சாவது திணறாமல் போகட்டும்.

சட்டையைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனேன். குடில் கேட்டது: "சபேசன் அவர்களும் வெளியே செல்கிறாரா?" "ஆமா, கூட்டிட்டுப் போறேன்" என்றேன். வெளியே போகிறவனை அது எண்ணுவதில்லை. உடையப்பனுக்குச் சட்டையை மாட்டினேன். இரண்டு சட்டை, இரண்டு உடம்பு. உள்கதவு திறந்தது.

"திரும்பி வந்ததில் மகிழ்ச்சி, சபேசன் அவர்களே."

ஐப்பசி 11. மாலை 4.30.

உடையப்பனுக்குக் கை கால் சூடு வந்துவிட்டது. கஞ்சி குடித்தான். ஒயரோடு ஒயர் சொருகிப் பேசிக்கொண்டோம்.

"மச்சான், சட்ட என்னய அவுக இவுகன்னு கூப்புடுது. ஒங்க வீட்டுல பொண்ணெடுத்ததுலருந்து எவனும் இவ்வளவு மருவாதி குடுத்ததில்ல."

"இஞ்சினியருல்ல. சும்மாவா."

"அந்தப் பெரியவரு?"

"மூச்சு இருக்கு."

அவன் கொஞ்ச நேரம் அந்த மூலையைப் பார்த்தான். அப்புறம், "ராக்குக்குச் சொல்லணுமே" என்றான். சொல்ல முடியாது. அடிவாரத்துக்குப் போகிற லைன் குடில் வழியாகத்தான் போகிறது. உடையப்பன் உள்ளே என்று அதற்குத் தெரிந்தால் ஒருவரை வெளியே தள்ளும். "காத்து அடங்கட்டும். எல்லாரும் எறங்கினப்புறம் நீயே நேர்ல போயி நில்லு" என்றேன். சிரித்தான். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். "எங்க இருக்காரு? எங்க இருக்காரு?" லைன் சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

ஐப்பசி 11. மாலை 6.10.

உடையப்பன் பேசிக்கொண்டிருந்தான். ஆறு மணி. கழுத்தில் கை வைத்தான். "மச்சான், எறும்பு கடிச்சாப்புல" என்றான். குடில் பேசியது, எல்லோர் காதிலும்.

"சபேசன் அவர்கள் நேற்று கேட்டுக்கொண்டபடி, இன்று மாலை ஆறு மணிக்கு அவருக்கு இறுதி மருந்து செலுத்தப்படுகிறது. அவர் வலி இன்றி விடைபெறுவார். அமைதி காக்கவும்."

கழற்றப் பார்த்தேன். மருந்து இறங்கும்போது காலர் பூட்டிக்கொள்ளும். எனக்குத் தெரியாது. அவன் சபேசன் இல்லை என்று கத்தினேன்; மருந்து இறங்கும்போது குடில் யார் பேச்சையும் கேட்காதாம். கத்தியால் அறுத்தேன். காலருக்குள் இரும்புக் கம்பி. மதுவந்தியும் வந்து இழுத்தாள். அவன் என்னைப் பார்த்து, "விடுங்க மச்சான், கதகதன்னுதேன் இருக்கு" என்றான்.

அவ்வளவுதான் பேசினான்.

அறுத்து முடித்தபோது காலர் தானாகவே திறந்துகொண்டது.

ஐப்பசி 12. காலை 7.00.

காற்று நின்றுவிட்டது. வானம் சுத்தம். சிகரம் கழுவி வைத்த மாதிரி தெரிகிறது. குடில் எழுந்து ஒரு முழம் மேலே நடந்தது.

சபேசன் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் கேட்டார். மூச்சு சுத்தமாக இருக்கிறது. சாகப்போகிறவர் என்று குடில் நேற்றே அவர் பங்குக் காற்றைக் குறைத்துவிட்டதாம். என் சிலிண்டர் அவரை நிமிர்த்திவிட்டது. மதுவந்தியின் ஒயரை வாங்கி என்னோடு பேசினார்.

"அதைத்தான்பா சொன்னேன். அந்தச் சட்டைல சாவு இருக்கு, யாருக்கும் போடாதேன்னு. நீ என் விரலைப் பிரிச்சே."

அவர் திட்டவில்லை. நல்ல மனுஷர். திட்டியிருக்கலாம்.

உடையப்பனைக் கம்பளியில் சுற்றி அதே மூலையில் வைத்திருக்கிறேன். அவனுடைய கை ரேடியோ மார்புப் பையில். அதை எடுக்கக் கை போகவில்லை.

ஐப்பசி 12. காலை. நேரம் பார்க்கவில்லை.

குடில் பொது லைனில் அறிவிக்கிறது. அடிவாரம் வரை.

"சபேசன் அவர்கள் காலமானார். குடும்பத்தினருக்குத் தெரிவிக்கப்பட்டது. ஏழாம் குடிலில் ஓர் இடம் காலியாக உள்ளது. ஆறாம் குடில் காவலர் உடையப்பன் அவர்கள் வரலாம். காத்திருக்கிறோம்."

கம்பளிக்குள் இருந்தும் அதே வார்த்தை வருகிறது. அவன் மார்பில் இருந்து. சபேசன் காதைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம் ராக்கு. ராத்திரி முழுக்க அழுத குரல்.

"ஏங்க. கேக்குதா? எடம் கெடச்சிருச்சாம்ல. எங்கன ஒதுங்கி இருந்தாலும் எந்திரிச்சு நடங்க. எங்க அண்ணன் கதவத் தொறப்பாரு. அண்ணே, நீ ஏன் பேச மாட்டேங்குற? கதவத் தொறந்து வையி. அவரு வருவாரு. எனக்குத் தெரியும், வருவாரு."

லைன் பொத்தானை அமுக்கினேன். விட்டேன். அமுக்கினேன். தங்கச்சி என்று ஆரம்பித்தால் போதும். மறுபடியும் விட்டேன்.

குடில் கேட்டது: "காவலரே, கதவைத் திறக்கிறீர்களா?"

வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்து போய்த் திறந்தேன்.

"ஏழாம் குடிலின் கதவு திறக்கப்பட்டது" என்று குடில் எல்லோருக்கும் சொன்னது.

கம்பளிக்குள் இருந்து ராக்கு சிரிக்கிறாள்.

"வந்துட்டாரா? அண்ணே, வந்துட்டாரா? குடு அவருகிட்ட"