யாரும் நிற்கச் சொல்லவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே.

நேற்று நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு கூத்து. ஊழியர் கூட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் சுவரோரம் கைகட்டி நின்றிருக்கிறேன். "ஏம்மா, உன்ன யாராவது நிக்கச் சொன்னாங்களா?" என்றார் மேலாளர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். வெள்ளைக்காரத் துரைகள் போய் நம்மாட்களே முதலாளியான பிறகும் எஸ்டேட் பங்களாவில் வேலைக்காரியாய் நீ நின்றுகொண்டே இருக்கிறாயே, அந்த நிலை எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, தலையணைக்குச் சுற்ற வேண்டும். துவைக்காமலே அனுப்பு.

நீயும் பங்களாவில் ஒருநாள் உட்கார்ந்துபார். வேண்டாம்மா, வேலை போய்விடும்.

பேருந்து வந்துவிட்டது. இந்தக் கடிதத்தையாவது உட்கார்ந்து படி.

உன் மகள்